முப்பத்தெட்டு லிட்டர்

இருபத்து மூன்று லாரிகள்,
திரையில் இருபத்து மூன்று புள்ளிகள்.
ஓடினால் பச்சை, நின்றால் மஞ்சள்,
சிக்னல் அறுந்தால் சாம்பல்.
பிஷ்கெக்கிலிருந்து ஓஷ் வரை
இரண்டு கணவாய், ஒரு சுரங்கம்,
மீதி பனியின் இஷ்டம்.

நான் சேர்ந்த மூன்றே மாதத்தில்
டீசல் செலவு ஒன்பது சதவீதம் இறங்கியது.
வெறுமனே திரும்பும் வண்டிகளுக்கு
வெங்காயமும் பருத்தியும் தேடிக் கொடுத்தேன்.
இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குபவர்களின் பெயர்களை
திங்கள்தோறும் சுவரில் ஒட்டினேன்.
எந்த டயர் எங்கே சூடேறுகிறது என்று
ஓட்டுபவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்தது.
முதலாளி எசென்கான்
எனக்குக் கைவைத்த நாற்காலி வாங்கித் தந்தார்.

ஜனவரியில், ஏழாம் எண் லாரி
தோ-அஷூ ஏற்றத்தில்
இரவு ஒன்று நாற்பதுக்கு
இன்ஜின் அணைந்திருக்கும்போதே
முப்பத்தெட்டு லிட்டரை இழந்தது.
அடுத்த வாரமும்.
அதற்கடுத்த வாரம் நாற்பத்தொன்று.

ஓட்டுநர் தொக்தோசுன்.
எடுக்கவில்லை என்றான்.
எடுத்தவர்களும் அதையேதான் சொல்வார்கள்.
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்,
கோடு கிணற்றில் கல்லாக விழுந்திருந்தது.
"இது என்ன, மலையா?" என்று கேட்டான்.
டீசல் மட்டம் என்றேன்.
மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லையாம்.
அவன் சுமந்ததோ பதினெட்டு டன் மாவு;
பயந்தானா இல்லையா என்று அளக்க
வண்டியில் கருவி ஏதும் பொருத்தியிருக்கவில்லை.
சம்பளத்தில் பிடித்தோம்.
பிப்ரவரி ஒன்றாம் தேதி
சாவியை என் விசைப்பலகை மேல் வைத்துவிட்டுப் போனான்.

பழுதான ஒரு சென்சாரைப் பார்க்க
பதினான்காம் எண் லாரியில் நானே ஏறினேன்.
ஓட்டியவர் கப்பார், அதிகம் பேசாதவர்.
சுரங்கத்துக்குக் கீழே பனிச்சரிவு,
வழியை அடைத்துவிட்டார்கள்.
ஏற்றத்தில் வரிசையாக
மூக்கை வானத்துக்குத் தூக்கியபடி லாரிகள்.
கப்பார் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்,
இன்ஜினை அணைத்தார்,
(திங்கள்கிழமைப் பட்டியல் நினைவிருக்கும்)
கம்பளியை எனக்குத் தந்துவிட்டுக்
கோட்டோடு சுருண்டுகொண்டார்.

கைப்பேசி சிணுங்கியது.
எச்சரிக்கை. வண்டி எண் பதினான்கு.
எரிபொருள் திருட்டு, முப்பத்தாறு லிட்டர்.

டார்ச்சோடு இறங்கினேன்.
டேங்க் மூடியின் மேல் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி.
சுற்றிலும் புதுப்பனி,
அதில் என் காலடி மட்டும்.

வெகுநேரம் அங்கேயே நின்றேன்.
வண்டி சாய்ந்தால் டீசலும் சாயும்.
எல்லாம் பின்பக்கம் ஒதுங்கிக் கிடக்க
முன்பக்கத்துச் சென்சார்
இல்லை, இல்லை என்று
எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

விடிந்து, சுரங்கம் தாண்டி,
சூசாமிர் சமவெளியில் வண்டி நேரானதும்
கோடு எழுந்து பழைய இடத்துக்கே வந்தது.
ஒவ்வொரு முறையும் வந்திருக்கும்.
நான்தான் பார்க்கவில்லை:
ரசீது இல்லாமல் மட்டம் ஏறினால்
அது பிழை, தள்ளிவிடு என்று
செப்டம்பரில் இரண்டே வரி எழுதியிருந்தேன்.
விழுந்ததை எண்ணினேன்.
திரும்பியதை வடிகட்டினேன்.

இப்போது அட்டவணையில் புதிதாய் ஒரு பத்தி: சரிவு.
ஒன்பது சதவீதம் ஆறரை ஆனது.
திருடர்கள் இருக்கத்தான் செய்தார்கள், இருவர்,
சமதரையில் நிறுத்தி எடுத்தவர்கள்.
எசென்கான் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

தொக்தோசுன் இப்போது
சந்தைக்கு நிலக்கரி ஏற்றும் ஒரு பழைய வண்டியில்.
அதில் மீட்டர் முள்ளே ஆடாது.
பிடித்த பணத்தை உறையில் போட்டு
நேரில் கொண்டுபோனேன்.
சாய்வு, சென்சார், வடிகட்டி எல்லாம் விளக்கினேன்.
கரி படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு
என் முன்னாலேயே
எச்சில் தொட்டு எண்ணினான்.

பிறகு, முதலிலிருந்து,
இன்னொரு முறை.